வண்டி கைமாறும், கடிதம் கைமாறாது



நம் தரைத்தளப் பார்க்கிங்கை ஒரு மாலை நேரம் மெதுவாகச் சுற்றி வந்து பாருங்கள். டி.என். 23, ராணிப்பேட்டையின் 73, வாணியம்பாடியின் 83 என்று நம் பக்கத்து எண்கள் நிற்கும். நடுவில் பெங்களூரிலிருந்து வாங்கி வந்த கே.ஏ. வண்டி ஒன்றிரண்டு இருக்கும். இவற்றில் உயரமான குடும்ப வண்டிகள், அதாவது எஸ்.யூ.வி. என்று நாம் சொல்பவை, பல இரண்டாம் கை அல்லது மூன்றாம் கையில் வாங்கியவை. அதில் தவறே இல்லை. ஓய்வூதியக்காரருக்கும் மாதச் சம்பளக்காரருக்கும் அதுதான் கட்டுப்படியாகும்.

இப்படி வாங்கும்போது என்ன பார்க்கிறோம்? கிலோமீட்டர், டயர், இன்சூரன்ஸ், ஆர்.சி.யில் வங்கிப் பெயர் இருக்கிறதா, பெயிண்ட் ஒரிஜினலா, இவ்வளவுதான். "இந்த வண்டியில் கோளாறு இருக்கிறது, கொண்டுவாருங்கள், இலவசமாகச் சரிசெய்து தருகிறோம்" என்று கம்பெனியே எப்போதாவது அழைத்ததா, அழைத்தபோது பழைய சொந்தக்காரர் போனாரா என்ற கேள்வியை மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. இந்த அழைப்புக்குத்தான் ரீகால் என்று பெயர். அது எப்படி வந்தது, நம் ஊர் வரை எப்படி வந்து சேர்ந்தது, எங்கே நின்றுபோனது என்பதே இந்தக் கட்டுரை. வங்கியில் வாகனக் கடன் கோப்புகளோடு பல வருடம் இருந்தவன் என்பதால் கொஞ்சம் கணக்குப்பிள்ளைத்தனமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோல் ஊருக்குப் புதிதல்ல

ரீகால் என்றதும் ஏதோ கார் கம்பெனிகளின் விஷயம் என்று நினைக்க வேண்டாம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரையில் தோல் தொழிலோடு வாழ்ந்தவர்களுக்கு இது பழகிய சங்கதி. ஏற்றுமதி பில் பிரிவில் உட்கார்ந்தவர்களுக்கும் தெரியும். சரக்கு கப்பலேறிப் போய்ச் சேர்ந்த பிறகும் விவகாரம் முடிந்துவிடாது. வாங்கியவர் ஒரு குறை கண்டுபிடித்தால் இங்கே முதலில் எழும் கேள்வி, "எந்த லாட்?" என்பதுதான். எந்தத் தேதியில், எந்த டிரம்மில், எந்தச் சாயத்தில் பதப்படுத்திய தோல் என்று பின்னோக்கிப் போய்ப் பார்ப்பார்கள். குறை உள்ள லாட் எது, இல்லாத லாட் எது என்று பிரித்துவிட்டால் நஷ்டம் அதோடு நிற்கும்.

1989-ல் ஜெர்மனி, தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் பயன்பட்ட பி.சி.பி. என்ற ரசாயனத்துக்குத் தடை போட்டது. 1994-ல் சில வகை அசோ சாயங்களுக்கும் தடை வந்தது. அப்போது நம் பகுதித் தொழிற்சாலைகள் பட்ட பாடு, இப்போது அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். சாமானை விற்றுவிட்டால் கை கழுவிவிடலாம் என்ற பழைய வியாபாரப் புத்தி அந்த வருடங்களில்தான் மாறியது.

கார் ரீகாலும் இதே லாட் கணக்குதான். ஒரு குறிப்பிட்ட தேதியிலிருந்து குறிப்பிட்ட தேதி வரை ஒரு தொழிற்சாலையில் செய்த வண்டிகளில் ஒரு பாகம் சரியில்லை என்று தெரிந்தால், அந்த வண்டிகளை மட்டும் எண்ணெடுத்து அழைக்கிறார்கள். தோலுக்கு லாட் நம்பர் போல வண்டிக்குச் சேசிஸ் நம்பர். 17 இடங்கள் கொண்ட அந்த எண் ஆர்.சி.யிலேயே இருக்கிறது. அதன் முதலெழுத்துகள் வண்டி எந்த நாட்டில், எந்தக் கம்பெனியில் செய்யப்பட்டது என்பதைச் சொல்லும்.

சட்டம் பிறந்த இடம்

நான் பி.காம். படித்த காலத்தில் வணிகச் சட்டப் பாடத்தில் ஒரு லத்தீன் சொற்றொடரை மனப்பாடம் செய்ய வைப்பார்கள்: கேவியட் எம்ப்டார். வாங்குகிறவன் விழிப்பாக இருந்துகொள்ள வேண்டும் என்பது பொருள். 1930-ம் வருட சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-வது பிரிவு இந்தக் கொள்கையின் மேல்தான் நிற்கிறது, சில விதிவிலக்குகளோடு. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து மாடு வாங்கிய காலத்துக்கு அது சரி. ஏர்பேக்குக்குள் இருக்கும் வேதிப்பொருளை எந்தப் பல்லைப் பிடித்துப் பார்ப்பது?

இந்தக் கேள்வியை முதலில் உரக்கக் கேட்டது அமெரிக்கா. 1965-ல் ரால்ஃப் நாடர் என்ற வழக்கறிஞர், கார்களின் வடிவமைப்பிலேயே ஆபத்து இருக்கிறது என்று ஒரு புத்தகம் எழுதினார். அதுவரை விபத்து என்றால் ஓட்டியவர் மேல்தான் பழி. மறு வருடம், 1966 செப்டம்பர் 9 அன்று, குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். குறையை உற்பத்தியாளர் சொந்தக்காரருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பது அங்கே சட்டமானது.

ஆனால் சட்டம் இருந்தும் ஓட்டை இருந்தது. அது வெளிப்பட்டது ஒரு குடும்ப எஸ்.யூ.வி.யில்தான். ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் என்ற வண்டியில் பொருத்தியிருந்த ஃபயர்ஸ்டோன் டயர்கள், வேகமாகப் போகும்போது மேல்பட்டை பிரிந்து, வண்டி உருண்டு, இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர்கள் திரும்ப அழைக்கப்பட்டன. விசாரணையில் தெரிய வந்த விஷயம்தான் நமக்கு முக்கியம். அதற்கு முன்பே, 1999-ல், சவூதி அரேபியாவில் வெயிலில் டயர்கள் கெட்டபோது அங்கே மாற்றிக் கொடுத்திருந்தார்கள். அமெரிக்க அரசுக்குச் சொல்லவில்லை. ஒரு நாட்டில் தெரிந்த குறை இன்னொரு நாட்டுக்குத் தெரியவில்லை. அதே 2000 நவம்பரில் புதிய சட்டம் வந்தது. வெளிநாட்டில் ரீகால் செய்தாலும் அமெரிக்க அரசுக்குச் சொல்லியாக வேண்டும் என்று அது கட்டளையிட்டது.

நம் நாட்டில்

இந்தியாவில் 1986-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. டிசம்பர் 24 அன்று அது ஒப்புதல் பெற்றதால்தான் அந்த நாளை தேசிய நுகர்வோர் தினமாகக் கொண்டாடுகிறோம். ஆனால் அது தனி மனிதர் தன் வண்டிக்காக வழக்குப் போட வழி செய்த சட்டம். ஒரு மாடலில் ஓடும் அத்தனை வண்டிகளையும் அழைத்துச் சரிசெய் என்று சொல்லும் சட்டம் அல்ல.

2010 பிப்ரவரியில் மாருதி நிறுவனம் எரிபொருள் கசிவு வாய்ப்பு காரணமாக ஏ-ஸ்டார் கார்கள் 1 லட்சத்தைத் திரும்ப அழைத்தது. பலருக்கு அப்போதுதான் ரீகால் என்ற சொல்லே அறிமுகம். "கம்பெனியே குறை என்று சொல்கிறதே, அப்படியானால் வண்டி மட்டம்" என்று பலர் பேசினார்கள். உண்மை நேர்மாறானது. சொல்லி அழைக்கும் கம்பெனியைவிடச் சொல்லாமல் இருக்கும் கம்பெனியிடம்தான் நாம் அதிகம் பயப்பட வேண்டும்.

2012 ஜூலையில் வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாம், தானாக முன்வந்து ரீகால் செய்வதற்கான நெறிமுறை ஒன்றை அமலுக்குக் கொண்டுவந்தது. தானாக முன்வந்து என்பதைக் கவனியுங்கள். வராவிட்டால் தண்டனை இல்லை.

மறு வருடமே பெரிய சோதனை வந்தது. 2013 ஜூலையில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2005 முதல் 2013 வரை செய்த ஷெவர்லே டவேரா வண்டிகள் சுமார் 1 லட்சத்து 14 ஆயிரத்தை அழைத்தது. திருப்பதிக்கும் மேல்மருவத்தூருக்கும் குடும்பத்தோடு போக நாம் வாடகைக்கு எடுத்த அதே டவேராதான். புகை வெளியீட்டுச் சோதனையில் தேறுவதற்காக, தேர்ந்தெடுத்த நல்ல எஞ்சின்களைச் சோதனை வண்டிகளில் பொருத்தி ஏமாற்றியதை நிறுவனமே கண்டுபிடித்து அரசிடம் சொன்னது. உயர் பதவியில் இருந்தவர்கள் வரை வேலை இழந்தார்கள். மத்திய அரசு விசாரணைக் குழு அமைத்தது. அந்த நிறுவனம் 2017 முடிவோடு இந்தியாவில் கார் விற்பதையே நிறுத்திக்கொண்டது. டவேராக்கள் மட்டும் இங்கேயே ஓடிக்கொண்டிருந்தன.

நம் தமிழ்நாட்டு வண்டி ஒன்றின் கதை

இப்போது நமக்கு மிக அருகில் இருக்கும் கதைக்கு வருகிறேன். செங்கல்பட்டுக்கு முன்னால் மறைமலைநகரில் ஃபோர்டு தொழிற்சாலை. அங்கேதான் ஈக்கோஸ்போர்ட் பிறந்தது. 2013 ஜூனில் 5 லட்சத்து 59 ஆயிரம் ரூபாய் ஆரம்ப விலையில் வந்தது. ஏன் அந்த விலை? அந்த வருட பட்ஜெட்டில் ப. சிதம்பரம், எஸ்.யூ.வி.க்கு உற்பத்தி வரியை 27 சதவீதத்திலிருந்து 30 ஆக உயர்த்தினார். ஆனால் 4 மீட்டருக்கு மேல் நீளம் உள்ளவற்றுக்குத்தான் அந்த வரி. ஈக்கோஸ்போர்ட்டின் நீளம் 3,999 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் பெரிய வரி மிச்சம். பார்வைக்கு எஸ்.யூ.வி., வரிக்குச் சின்னக் கார். நடுத்தரக் குடும்பங்கள் வரிசையில் நின்று பதிவு செய்தன.

அதே வண்டியின் ரீகால் கணக்கையும் பார்ப்போம்.

2013-லேயே டீசல் வண்டிகள் 972, குளிரில் எஞ்சினைச் சூடாக்கும் குளோ பிளக்கின் கட்டுப்பாட்டுப் பாகத்தை மாற்றுவதற்காக.

2014 நவம்பரில் 20,752 வண்டிகள். 2013 ஜனவரி முதல் 2014 செப்டம்பர் வரை செய்தவை. பக்கவாட்டு ஏர்பேக் விரியாமல் போகலாம் என்பது ஒரு காரணம். எரிபொருள் குழாய்களைச் சரிபார்ப்பது இன்னொன்று.

2015 நவம்பரில் 16,444 வண்டிகள், பின்பக்க சஸ்பென்ஷனுக்காக.

2016 மே மாதம் டீசல் வண்டிகள் சுமார் 48,000. 2013 ஏப்ரல் முதல் 2014 ஜூன் வரை செய்தவை. எரிபொருள் குழாயையும் பிரேக் குழாயையும் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்பை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் கசிவு ஏற்படலாம், கசிவு தீயில் முடியலாம். இதோடு பின் இருக்கையின் போல்ட்டுக்காக இன்னும் 700 வண்டிகள்.

2018 ஜூலையில் 4,379 வண்டிகள், முன் சக்கரத்தைத் தாங்கும் கன்ட்ரோல் ஆர்மின் வெல்டிங்கைப் பார்க்க. 1,018 வண்டிகள், முன் இருக்கை சாய்வதைப் பிடித்து நிறுத்தும் பூட்டைப் பார்க்க.

இந்தப் பட்டியலைப் படித்துவிட்டு ஈக்கோஸ்போர்ட் மோசமான வண்டி என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். ஓட்டியவர்கள் பலர் இன்றும் அதன் கட்டுமானத்தைப் புகழ்கிறார்கள். அழைக்கப்பட்ட வேலையைச் செய்துகொண்ட வண்டிக்கு அந்தக் குறை தீர்ந்தது. கேள்வி, செய்துகொள்ளாத வண்டியைப் பற்றியது. 2014-ல் செய்த டீசல் வண்டி ஒன்று கைமாறி உங்களிடம் வருகிறது. அதன் கிளிப் மாறியதா? பழைய கிளிப்போடுதான் பிள்ளைகளைப் பின் இருக்கையில் உட்கார வைத்து ஏலகிரி ஏறிக்கொண்டிருக்கிறீர்களா?

ரீகால் ஒருபுறம் இருக்க, சொந்தக்காரர்களின் புகார் என்று இன்னொன்று உண்டு. ஆஸ்திரேலியாவில் ஃபோகஸ், ஃபியஸ்டா, ஈக்கோஸ்போர்ட் வண்டிகளில் பவர்ஷிஃப்ட் என்ற இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர், வண்டி நகரும்போது உதறுகிறது, குலுங்குகிறது என்று ஏராளமானோர் முறையிட்டார்கள். அவர்களில் பலருக்கு, "நீங்கள் ஓட்டும் விதம்தான் காரணம்" என்று பதில் கிடைத்தது. நமக்கும் சர்வீஸ் சென்டரில் கேட்டுப் பழகிய வசனம்தானே! அந்நாட்டு நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டது. 2018 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் ஃபோர்டு ஆஸ்திரேலியாவுக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அபராதம் கியர் கெட்டதற்காக அல்ல, புகார் சொன்னவர்களை நடத்திய விதத்துக்காக என்பதைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டிலும் 2017 வரை வந்த பெட்ரோல் ஆட்டோமேட்டிக் ஈக்கோஸ்போர்ட்டில் இரட்டை கிளட்ச்தான் இருந்தது. வாங்குவோர் ஓட்டிப் பார்க்கும்போது நெரிசலான இடத்தில், முதல் இரண்டு கியரில் மெதுவாக ஊர்ந்து பாருங்கள்.

இன்னொரு செய்தியும் உண்டு. மறைமலைநகரில் செய்த ஈக்கோஸ்போர்ட்டுகள் 2018 முதல் அமெரிக்காவுக்குக் கப்பலேறின. 2023 டிசம்பரில் அங்கே 1 லிட்டர் எஞ்சின் உள்ள ஈக்கோஸ்போர்ட்டுகளும் ஃபோகஸ் கார்களும் சேர்த்து 1,39,730 வண்டிகளை ஃபோர்டு அழைத்தது. ஆயில் பம்ப்பை ஓட்டும் பெல்ட் அறுந்தால் எஞ்சினில் ஆயில் அழுத்தம் போய்விடும், பிரேக்குக்குக் கிடைக்கும் உதவி விசையும் குறையலாம் என்பது காரணம். நம் தொழிலாளர் கையால் செய்த வண்டிக்கு அங்கே ஒருவர் சேசிஸ் நம்பரைத் தட்டினால் போதும், அரசு இணையதளமே ரீகால் பாக்கி இருக்கிறதா என்று சொல்லிவிடும். 2014 முதல் இந்த வசதி அங்கே உண்டு. 1 லிட்டர் டர்போ எஞ்சின் இங்கேயும் சில வருடம் விற்றது. அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்போர் பெல்ட்டைப் பற்றி மெக்கானிக்கிடம் கேட்டு வைப்பது நல்லது.

வெயிலூரும் ஏர்பேக்கும்

வேலூரை வெயிலூர் என்று கேலி செய்வார்கள். அந்தக் கேலிக்கும் ரீகாலுக்கும் தொடர்பு இருக்கிறது. டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனம் உலகத்தின் பெரும்பாலான கார் கம்பெனிகளுக்கு ஏர்பேக் செய்து கொடுத்தது. ஏர்பேக்கை ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் ஊதுவதற்கு அம்மோனியம் நைட்ரேட் என்ற வேதிப்பொருளைப் பயன்படுத்தினார்கள். பல வருடம் வெயிலிலும் ஈரக்காற்றிலும் மாறி மாறிக் கிடந்தால் அது தன்மை மாறிவிடுகிறது. அப்புறம் சின்ன விபத்தில்கூட அளவுக்கு மீறி வெடித்து, உலோகச் சிதறல்கள் ஓட்டுநரின் முகத்திலும் கழுத்திலும் பாய்கின்றன. உயிரைக் காக்க வைத்த பொருளே உயிரை எடுத்தது. அமெரிக்காவிலும் மலேசியாவிலும் சாவுகள் நடந்தன. உலகம் முழுவதும் 10 கோடிக்கு அருகில் ஏர்பேக் பாகங்களை மாற்ற வேண்டியதாயிற்று. 2017 ஜூனில் டகாட்டா திவால் மனு கொடுத்தது.

இந்தியாவிலும் பல நிறுவனங்கள் ஏர்பேக்குக்காக வண்டிகளை அழைத்தன. அவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 2019 ஜூலையில் ஃபோர்டு, பழைய எண்டவர் வண்டிகள் 22,690-ன் முன் ஏர்பேக் பாகத்தைப் பார்க்க அழைத்தது. 2004 பிப்ரவரி முதல் 2014 செப்டம்பர் வரை சென்னைத் தொழிற்சாலையில் செய்தவை. எண்ணிப் பாருங்கள்: அழைத்த நாளில் சில வண்டிகளுக்கு வயது 15. அதற்குள் எத்தனை கை மாறியிருக்கும்? முதல் சொந்தக்காரருக்குப் போன கடிதம், அவர் வீடு மாறிய பழைய முகவரியில் கதவிடுக்கில் கிடந்திருக்கும். ஏழு கத்திரி வெயிலைப் பார்த்த வண்டியும் பதினைந்து கத்திரி வெயிலைப் பார்த்த வண்டியும் இந்த விஷயத்தில் ஒன்றல்ல. பழைய வண்டிக்குத்தான் ஆபத்து அதிகம், பழைய வண்டியின் சொந்தக்காரருக்குத்தான் தகவல் குறைவு.

வேலூர் மக்கள் பெற்ற தீர்ப்பும் 110ஏ பிரிவும்

ரீகால் கடைசியில் நம் நாட்டில் சட்டமானது 2019-ல். அந்த வருட மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 110ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. ஒரு வகை வண்டியின் குறை, அதில் போகிறவர்களுக்கோ, சாலையில் போகும் மற்றவர்களுக்கோ, சுற்றுச்சூழலுக்கோ தீங்கு செய்யும் என்றால் மத்திய அரசே ரீகாலுக்கு ஆணையிடலாம். நிறுவனம் சரிசெய்து தர வேண்டும், அல்லது மாற்றித் தர வேண்டும், அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் விதிகள் அமலுக்கு வந்தன. விற்பனை அளவுக்கு ஏற்பக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் சொந்தக்காரர்கள் புகார் செய்தால் விசாரணை தொடங்கும். அபராதம் 10 லட்சம் ரூபாய் முதல் 1 கோடி வரை. புகாரை வாகன் இணையதளத்தில் பதிவு செய்யலாம்.

இந்தப் பிரிவைப் படிக்கும்போது எனக்கு நம் ஊர்ப் பெயர் தாங்கிய ஒரு வழக்கு நினைவுக்கு வரும். 1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம், தோல் கழிவுநீர் பாலாற்றையும் விளைநிலத்தையும் கெடுப்பதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதாக ஓர் ஆய்வு சொன்னதைத் தீர்ப்பு பதிவு செய்கிறது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு சொன்னது. தீங்கு நடக்கும் வரை காத்திராமல் முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும். தீங்கு இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும். இந்த மூன்றும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு உறுதிப்படுத்தியது. இன்று சட்டக் கல்லூரி மாணவர்கள் நாடெங்கும் அதை வேலூர் வழக்கு என்றே படிக்கிறார்கள்.

அந்தத் தொழிலால் வாழ்ந்த குடும்பங்களும், அந்தத் தண்ணீரால் நொந்த குடும்பங்களும் நம் குடியிருப்பிலேயே அடுத்தடுத்த வீட்டில் இருக்கின்றன. நான் யார் பக்கமும் பேசவில்லை. நம்மைப் போன்ற ஒரு குடிமக்கள் சங்கம் மனு எழுதி, ஐந்து வருடம் விடாமல் நடந்து, நாட்டுக்கே ஒரு விதியைப் பெற்றுத் தந்தது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். செய்தவரே பொறுப்பு என்ற அதே எண்ணம்தான் 110ஏ பிரிவிலும் இருக்கிறது.

எங்கே நின்றுபோனது?

சட்டம் வந்துவிட்டது, பிறகு என்ன குறை என்று கேட்பீர்கள். இரண்டு இடங்களில் இடிக்கிறது.

ஒன்று, 2021 விதிகள் 7 வயதுக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான் பொருந்தும். இரண்டாம் கைச் சந்தையில் நடுத்தரக் குடும்பம் வாங்கும் வண்டிகளில் பல அந்த வயதைத் தாண்டியவை. விதி வந்த அன்றே 2013-ம் வருட ஈக்கோஸ்போர்ட்டுக்கு அந்த வயது கடந்துவிட்டது.

இரண்டு, கம்பெனியின் பதிவேட்டில் இருப்பது பெரும்பாலும் முதலில் வாங்கியவரின் பெயரும் கைபேசி எண்ணும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 29, 30-ம் படிவங்கள் கொடுத்துப் பெயர் மாற்றுகிறோம். கடன் முடிந்தால் 35-ம் படிவம் கொடுத்து வங்கிப் பெயரை எடுக்கிறோம். இன்சூரன்சையும் மாற்றுகிறோம். கம்பெனியிடம் போய், "இனி இந்த வண்டி என்னுடையது" என்று யாரும் சொல்வதில்லை. அப்படிச் சொல்ல எந்தப் படிவமும் கட்டாயப்படுத்துவதும் இல்லை. 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வியாபாரிகள் அரசு அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது, நல்லதுதான். ஆனால் அது முக்கியமாகப் பதிவுச் சான்று பற்றியது. அமெரிக்காவில்கூட, ரீகால் பாக்கி உள்ள காரை வாடகைக்கு விடக்கூடாது என்று 2016 முதல் பெரிய வாடகை நிறுவனங்களுக்குத் தடை உண்டு. பழைய கார் வியாபாரி விற்பதற்குத் தேசிய அளவில் அப்படித் தடை இல்லை. எனவே இரண்டாம் கை வாங்குபவர் எங்கும் ஒரு படி தாழ்ந்துதான் நிற்கிறார்.

இதோடு கம்பெனியே போய்விட்டால்? 2021 செப்டம்பர் 9 அன்று ஃபோர்டு இந்தியாவில் வண்டி செய்வதை நிறுத்துவதாக அறிவித்தது. அமெரிக்கப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தான அதே தேதி, 55 வருடம் கழித்து. 2022 ஜூலையில் மறைமலைநகரில் கடைசி ஈக்கோஸ்போர்ட் வெளியே வந்தது. சர்வீசும் உதிரி பாகமும் தொடரும் என்று நிறுவனம் சொன்னது. 2024 செப்டம்பரில் ஏற்றுமதிக்காக அந்தத் தொழிற்சாலையை மீண்டும் பயன்படுத்தத் தமிழக அரசிடம் விருப்பக் கடிதமும் கொடுத்தது. ஆனால் ஷோரூம்கள் குறைந்த பிறகு கடிதம் எழுதுபவரும் குறைவு, கடிதம் கிடைப்பவரும் குறைவு.

இனி நாம் செய்யக்கூடியது

எளிய காரியங்கள்தான். முதலில், ஆர்.சி.யை எடுத்து சேசிஸ் நம்பரை ஒரு தாளில் எழுதுங்கள். பல நிறுவனங்களின் இணையதளத்தில் அந்த எண்ணைத் தட்டினால் ரீகால் பாக்கி தெரியும். சியாம் சங்கத்தின் தளத்தில் நிறுவனவாரியாக அழைப்புகளின் பட்டியல் இருக்கிறது. இது முடியாவிட்டால் நிறுவனத்தின் அங்கீகார சர்வீஸ் நிலையத்துக்கு நேரில் போய், "இந்த நம்பருக்கு ரீகால் வேலை ஏதாவது பாக்கி இருக்கிறதா?" என்று கேளுங்கள். வாயால் சொல்லும் பதிலோடு நிறுத்தாமல் ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். வங்கியில் நான் கற்ற ஒரே பாடம், எழுத்தில் இல்லாதது இல்லை என்பதுதான்.

அங்கேயே உங்கள் பெயரையும் கைபேசி எண்ணையும் அந்த வண்டிக்கு நேராகப் பதியச் சொல்லுங்கள். அடுத்த அழைப்பு உங்களைத் தேடி வரும். நீங்கள் வண்டியை விற்கும்போதும் வாங்குபவரிடம் இதைச் சொல்லிக் கொடுங்கள். விலையில் ஒரு பைசா குறையாது.

வாங்கப் போகிறவர்கள், அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே சர்வீஸ் ஹிஸ்டரி கேளுங்கள். தனி நபரிடம் வாங்குவதற்கும் வியாபாரியிடம் வாங்குவதற்கும் வித்தியாசம் உண்டு. தெரிந்தவரிடம் வாங்கிய வண்டிக்காக அவர் மேல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது கடினம், ஏனென்றால் அவர் வியாபாரி அல்ல. வியாபாரி பொய் சொல்லி விற்றால் போகலாம். 2020 ஜூலை 20 முதல் அமலில் இருக்கும் புதிய நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். குறையுள்ள பொருளால் உடலுக்கோ உடைமைக்கோ தீங்கு நேர்ந்தால் உற்பத்தியாளரே பொறுப்பு என்று தனி அத்தியாயமே அதில் சேர்த்திருக்கிறார்கள். முதல் கட்ட ஆலோசனைக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

குறை இருப்பதாக உங்களுக்கே தோன்றினால், மெக்கானிக்கிடம் புலம்பிவிட்டு விட்டுவிடாதீர்கள். வாகன் தளத்தில் பதியுங்கள். ஒருவர் சொன்னால் புலம்பல், அதே மாடலுக்குப் போதிய எண்ணிக்கையில் பலர் பதிந்தால் அரசு கேட்டாக வேண்டும். விதி அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

கடைசியாக நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. பார்க்கிங் ஸ்டிக்கர் கொடுக்கும்போது வண்டி எண்ணும் வீட்டு எண்ணும் மட்டும் குறிக்கிறோம். மாடலையும் தயாரித்த வருடத்தையும் சேர்த்துக் குறித்துக்கொண்டால், நாளை பத்திரிகையில் ஒரு ரீகால் செய்தி வரும்போது அறிவிப்புப் பலகையில் போடவும், அந்த வீட்டு அழைப்புமணியை அழுத்திச் சொல்லவும் முடியும். கம்பெனியின் கடிதம் வராத இடத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் வாய்ச்சொல் வந்து சேரும். அடுத்த பொதுக்குழுவில் இதை எடுத்துப் பேசினால் மகிழ்வேன். இணையத்தில் தேடிப் பழக்கமில்லாத மூத்தோர் ஆர்.சி.யோடு என்னிடம் வரலாம், சேர்ந்து பார்ப்போம்.